புல்வெளிகளிலிருந்து சாலிஸ்பரி பேராலயம்

புல்வெளிகளிலிருந்து சாலிஸ்பரி பேராலயம் என்பது ஆங்கிலேய ஓவியரான ஜான் கான்ஸ்டபிள் (1776 – 1837) வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். இது 1831 ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் அகாதமியின் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் 1.9 மீட்டர் அகலமும் கொண்ட இவ்வோவியம், புனைவியக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களுள் முதன்மையான ஒன்றாகக் கருதப்படுகிறது. புயல் மேகங்களுக்கு நடுவே நிற்கும் பேராலயமும், அதன் மேல் வளைந்து நிற்கும் வானவில்லுமே இதன் தனிச்சிறப்பு. அந்த வானவில் இயற்கையில் தோன்றியிருக்க முடியாத ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

காட்சி

சாலிஸ்பரி தென் இங்கிலாந்தின் வில்ட்சயர் பகுதியில் உள்ள நகரம். அங்குள்ள பேராலயத்தின் கட்டுமானம் 1220 இல் தொடங்கியது. அதன் முதன்மைப் பகுதி 1258 இல் நிறைவுற்றது. பின்னர் எழுப்பப்பட்ட கூர்ங்கோபுரம் 123 மீட்டர் உயரமுடையது. ஐக்கிய இராச்சியத்தின் தேவாலயக் கோபுரங்களுள் இதுவே மிக உயரமானதாகும்.

ஓவியர் நகருக்குள் நின்று வரையவில்லை. ஆற்றைக் கடந்து புல்வெளிப் பக்கம் நின்று பார்க்கிறார். முன்புறத்தில் ஈரமான முட்புதர்களும் ஒரு நாயும் காணப்படுகின்றன. குதிரைகள் இழுக்கும் வண்டியொன்று ஆழமற்ற நீரைக் கடந்து செல்கிறது. இடப்புறம் பெரிய மரம். நடுவில் கோபுரம் கருமேகங்களைத் துளைத்துக்கொண்டு எழுகிறது; ஆலயக் கூரையின் மேல் மெல்லிய மின்னல் கீற்றும் தெரிகிறது. வண்டியோட்டி இவற்றில் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பின்னணி

கான்ஸ்டபிளுக்கு இந்நகருடனான தொடர்பு நட்பினால் ஏற்பட்டது. அங்கு ஆயராக இருந்த ஜான் பிஷரின் அழைப்பின் பேரில் 1811 இல் முதன்முறையாக அங்கு சென்றார். ஆயரின் உறவினரும் அதே பெயர் கொண்டவருமான இளைய ஜான் பிஷர், மதகுரு. இவரே கான்ஸ்டபிளின் மிக நெருங்கிய நண்பரானார்; 1816 இல் கான்ஸ்டபிளுக்கும் மரியா பிக்னெல்லுக்கும் திருமணம் செய்து வைத்தவரும் இவரே.

ஆயருக்காகக் கான்ஸ்டபிள் 1823 இல் இதே பேராலயத்தை வேறொரு கோணத்திலிருந்து வரைந்து கொடுத்தார். அதில் ஆயரும் அவர் மனைவியும் ஓரத்தில் நிற்கின்றனர். ஆனால் பேராலயத்தின் மேல் கருமேகம் இருப்பதை ஆயர் விரும்பவில்லை. வெளிச்சமான வானத்துடன் மற்றொரு படத்தைக் கான்ஸ்டபிள் வரைய வேண்டியதாயிற்று. அது முடியும் முன்பே, 1825 இல், ஆயர் காலமானார்.

1828 நவம்பரில் மரியா காசநோயால் இறந்தார். ஏழு குழந்தைகளுடன் தனித்து விடப்பட்ட கான்ஸ்டபிள் பெருந்துயரில் ஆழ்ந்தார். அடுத்த ஆண்டு சாலிஸ்பரியில் தம்மிடம் தங்கிய அவரை, பேராலயத்தைப் பெரிய அளவில் வரையுமாறு ஊக்குவித்தவர் இளைய பிஷர். மேகம் சூழ்ந்த திருச்சபை என்ற பொருளும் நண்பர்கள் இருவருக்கும் இடையே பேசப்பட்டது. கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்கிய 1829 ஆம் ஆண்டுச் சட்டமும், நாடாளுமன்றச் சீர்திருத்தக் கிளர்ச்சியும் இங்கிலாந்துத் திருச்சபையின் நிலையை அசைத்துவிடும் என்று இருவரும் அஞ்சினர். ஆகவே ஆயர் வேண்டாம் என்ற கருமேகம் இந்த ஓவியத்தில் பன்மடங்காகத் திரும்பி வந்ததை வெறும் வானிலை வருணனையாகக் கொள்ள இயலாது. மனைவியை இழந்த துயரமும் அதில் கலந்திருப்பதாகப் பலர் கருதுகின்றனர்.

வானவில்

கான்ஸ்டபிள் வானத்தை முறையாக ஆராய்ந்தவர். 1821, 1822 ஆம் ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஏராளமான மேகப் படங்களைத் தீட்டினார். பலவற்றில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றையும் குறித்து வைத்தார். அத்தகையவர் வானவில்லின் இயல்பை அறியாமல் வரைந்தார் என்று கூற முடியாது.

வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலேயே தோன்றும். அந்த எதிர்ப்புள்ளியை மையமாகக் கொண்டு சுமார் 42 பாகைக் கோணத்தில் அது வளைகிறது. எனவே, படத்தில் உள்ளது போன்ற உயர்ந்த வளைவு தெரிய வேண்டுமாயின் சூரியன் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருத்தல் வேண்டும். ஓவியத்தின் ஒளி அவ்வாறு அமையவில்லை என வானிலையியல் நோக்கில் கான்ஸ்டபிளை ஆராய்ந்த ஜான் தோர்ன்ஸ் சுட்டிக்காட்டினார்.

வானவில்லின் வலது முனை இறங்கும் இடம் லெடன்ஹால் என்னும் வீடு. இளைய பிஷர் வாழ்ந்ததும் கான்ஸ்டபிள் வந்து தங்கியதும் அங்கேதான். பிஷர் 1832 ஆகத்து 25 அன்று இறந்தார். அதன் பிறகே, நண்பரின் நினைவாக, வானவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தோர்ன்ஸின் கருத்து. இது உறுதி செய்யப்படவில்லை எனினும், கான்ஸ்டபிள் 1831 க்குப் பின்னரும் இப்படத்தைத் தொடர்ந்து திருத்தி வந்தார் என்பது தெரிந்ததே.

வரவேற்பும் உடைமையும்

1831 கண்காட்சியில் படங்களைத் தொங்கவிடும் குழுவில் கான்ஸ்டபிளும் இருந்தார். டர்னரின் ஓவியம் ஒன்றை நகர்த்திவிட்டு அவ்விடத்தில் தம் ஓவியத்தை அவர் மாட்டியதால் டர்னர் கடுஞ்சினம் கொண்டார் எனக் கூறப்படுகிறது. டர்னரின் கொதிக்கும் மஞ்சளையும் கான்ஸ்டபிளின் ஈரத்தையும் நெருப்பு, நீர் என ஒரு விமர்சகர் ஒப்பிட்டார்.

ஓவியம் விற்கப்படவில்லை. 1837 இல் கான்ஸ்டபிள் இறந்தபோது நண்பர்கள் அவருடைய படம் ஒன்றை நாட்டுக்கு வாங்கித் தர முனைந்தனர். இந்த ஓவியமும் பரிசீலிக்கப்பட்டது; ஆனால் இதன் தூரிகை வீச்சு மிகவும் துணிச்சலானது என்று கருதி, அமைதியான 'தானிய வயல்' ஓவியத்தைத் தேர்ந்தனர்.

நீண்ட காலம் தனியார் உடைமையாக இருந்த இவ்வோவியத்தை 2013 இல் டேட் அருங்காட்சியகம் 2.31 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இங்கிலாந்து, வேல்சு, இசுக்காட்லாந்து ஆகியவற்றின் அருங்காட்சியகங்களுடன் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டின்படி இது கார்டிஃப், இப்சுவிச், எடின்பரோ ஆகிய நகரங்களுக்கும், சாலிஸ்பரிக்கும் கொண்டு செல்லப்பட்டது. சாலிஸ்பரியில் இது வைக்கப்பட்டிருந்த அருங்காட்சியகம் பேராலய வளாகத்திற்குள், கோபுரத்தின் எதிரிலேயே உள்ளது.