தணிந்த காய்ச்சல் மீண்டும் வந்தால்...

அக்கரப்பத்தனை போன்ற மலைநாட்டுத் தோட்டங்களிலே மழையும் குளிரும் மிகுந்துவிட்டால், லயத்துக் காம்பராக்களின் கதவுகள் அடைபட்டுவிடுகின்றன. ஒரே அறையில் ஐந்தாறு பேர் நெருங்கியிருக்கும்போது, ஒருவரைப் பற்றிய இன்புளுவென்சாக் காய்ச்சல் மற்றவரையும் விரைவிற் பற்றுகின்றது. மல்லித் தண்ணீர் குடித்துக் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்து, சில நாட்களிற் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். 'பேர்' போய்விடுமே என்ற கவலையால் உடனே கொழுந்தெடுக்கவும் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களுட் சிலருக்குக் காய்ச்சல் மீண்டும் வருகின்றது. 'பழைய காய்ச்சலின் மிச்சம்' என்று அதனைப் புறக்கணிப்பது பேராபத்தாக முடியலாம். ஏனெனில், அது வேறொரு நோயாக இருக்கக்கூடும்.

நமது மூச்சுக்குழாயின் உட்புறத்திலே மெல்லிய மயிர் போன்ற இழைகள் உள்ளன. தூசியையும் கிருமிகளையும் சளியோடு மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. இன்புளுவென்சா வைரசு இந்த உட்படலத்தைச் சிதைத்துவிடுகின்றது. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருந்த நியுமோகொக்கசு, ஸ்டபிலோகொக்கசு முதலிய பற்றீரியாக்கள் அப்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. ஒருவன் பிரித்த வேலியால் மற்றொருவன் புகுந்து கொள்ளையிடுவது போன்றது இது. இவ்வாறு உண்டாவதே நியுமோனியா.

1918-1919ஆம் ஆண்டுகளில் உலகை உலுக்கிய இன்புளுவென்சா, இலங்கையில் ஏறத்தாழ 3 இலட்சம் உயிர்களைக் கவர்ந்தது எனப் பிற்கால ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அக்காலத்தில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர்களின் நுரையீரற் பகுதிகள் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை மீண்டும் சோதித்த அறிஞர்கள், பெரும்பாலோரின் சாவுக்குப் பின்தொடர்ந்து வந்த பற்றீரியா நியுமோனியாவே காரணம் என 2008இல் எடுத்துக்காட்டினர். அன்று பெனிசிலின் இல்லை. 1957ஆம் ஆண்டின் ஆசிய இன்புளுவென்சாவின்போது பெனிசிலின் இருந்தது. ஆனால் அதற்கு மடியாத ஸ்டபிலோகொக்கசுக் கிருமிகளும் தோன்றியிருந்தன.

ஆகவே, மருந்தை வகையறிந்து உண்ணல் வேண்டும். வைரசின்மேல் அன்ரிபயோற்றிக் மருந்துகள் வேலை செய்யா. எஞ்சிய மாத்திரைகளைத் தாமாகவே விழுங்குவோர், மருந்துக்கு மடியாத கிருமிகளை வளர்க்கத் துணைபோகின்றனர். ஆனால், பற்றீரியா தொற்றியபின் வைத்தியர் கொடுக்கும் அதே மருந்து உயிர்காக்கும்.

குறிகளை அறிந்து வைத்திருங்கள். தணிந்த காய்ச்சல் ஓரிரு நாட்களில் மீண்டும் குளிருடன் ஏறுதல், மூச்சு வாங்குதல், இழுத்து மூச்செடுக்கையில் மார்பிலே குத்துதல், துருநிறமான அல்லது இரத்தம் கலந்த சளி, மனத் தடுமாற்றம் ஆகியன அவை. குழந்தையாயின் விலா உட்குழிய மூச்சிழுக்கும். பால் குடிக்க மறுக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், சிறுகுழந்தைகள், ஆஸ்துமா நோயாளர் ஆகியோரிடத்து இரட்டிப்புக் கவனம் தேவை. இன்புளுவென்சாவுக்கும் நியுமோகொக்கசுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. அவை தமக்கு வேண்டுமா என்பதை இத்தகையோர் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

காய்ச்சல் தணிந்தவரை இரண்டொரு நாள் வீட்டில் இருத்திக் கவனிப்பது குடும்பத்தார் கடன். இழந்த பேரைப் பின்னர் உழைத்து ஈடுசெய்யலாம். உழைக்கும் உயிரை இழந்தால் ஈடு ஏது?