கருந்துளைக்கு யார் சாட்சி?

எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. அந்த நீலமும் சிவப்பும் கணினியில் தீட்டியவைதானே, எப்படி நம்புவது? போதாததற்கு, கருந்துளையிலிருந்து ஒளியே வெளிவராது என்கிறார்கள். வராத ஒளியை எந்தக் கருவி பார்க்கும்? கேள்விகள் நியாயமானவை. ஆனால் தொலைநோக்கியை வெறும் புகைப்படக் கருவியாக நினைப்பதால்தான் இரண்டும் எழுகின்றன. எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அடிப்படையில் ஒரு கணக்குப்பிள்ளை. வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளும் எந்தத் திசையிலிருந்து, எந்தக் கணத்தில், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று பதிந்துவைக்கிறது. படம் அந்தப் பேரேட்டைப் பார்த்துப் பிறகு வரைவது.

இந்தக் கணக்கைத் தரையிலிருந்து எழுத முடியாது. காற்றுமண்டலம் எக்ஸ்-கதிர்களை விழுங்கிவிடும். 1962-இல் இயற்பியலாளர் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ஏவிய ராக்கெட் சில நிமிடங்களே மேலே இருந்தது. அதற்குள் சூரிய மண்டலத்துக்கு வெளியே முதல் எக்ஸ்-கதிர் மூலத்தைக் கண்டுகொண்டது. 1999-இல் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகள் நாம் முகம் பார்க்கும் கண்ணாடி போன்றவை அல்ல. நேராக மோதும் எக்ஸ்-கதிரை ஆடி உறிஞ்சிவிடும் என்பதால், இரிடியம் பூசிய குழாய் வடிவ ஆடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கதிர் பரப்பை உரசிக்கொண்டு போகும்படி அமைத்திருக்கிறார்கள். சந்திரா என்ற பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்தது.

சிக்னஸ் எக்ஸ்-1 வழக்கை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 7,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு பெரிய நீல விண்மீன், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றோடு ஜோடி சேர்ந்து 5.6 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. விண்மீனிலிருந்து பிரியும் வாயு அந்தத் துணையை நோக்கிச் சுழன்று விழும்போது பல பத்து லட்சம் டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. ஆக, ஒளிர்வது கருந்துளை அல்ல, அதில் விழப்போகும் வாயு. இந்த ஒளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேயே கூடிக் குறைகிறது. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் 300 கிலோமீட்டர். அதைவிடப் பெரிய பொருளால் முழுவதுமாக அவ்வளவு விரைவில் மினுக்க முடியாது. 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள சூரியனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது! ஆனால் எடையோ, 2021-இல் வெளியான ஆய்வின்படி, சூரியனைப்போல் 21 மடங்கு.

கருந்துளையாகத்தான் இருக்கவேண்டுமா, வெடித்த விண்மீனின் அடர்த்தியான மிச்சமான நியூட்ரான் விண்மீனாக இருக்கக்கூடாதா? இருக்கலாம் என்றே தொடக்கத்தில் சிலர் வாதிட்டார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் அது கருந்துளை அல்ல என்று 1974-இல் சக இயற்பியலாளர் கிப் தோர்னிடம் பந்தயமே கட்டினார். 1990-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். நியூட்ரான் விண்மீன் சூரியனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்குக்கு மேல் எடை தாங்காது. அதற்குத் திடமான மேற்பரப்பும் உண்டு. விழும் வாயு அங்கே குவிந்து அவ்வப்போது அணுவெடிப்பாகச் சீறும். சிக்னஸ் எக்ஸ்-1-இல் அந்தச் சீற்றம் இல்லை. எடையைச் சொன்னவை சாதாரண ஒளியும் வானொலி அலைகளும்தான், எக்ஸ்-கதிர் அல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். அது குறையாகாது, தனித்தனியே வந்த சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றன.

2019-இல் எம்87 கருந்துளையின் படமே வந்துவிட்டதே, இனி எக்ஸ்-கதிர் எதற்கு என்று கேட்கலாம். அது சூரியனைப்போல் 650 கோடி மடங்கு எடையுள்ள பூதம். சிக்னஸ் எக்ஸ்-1 அளவுள்ளவற்றை அப்படிப் படமெடுக்க இன்று எந்தக் கருவியும் இல்லை. அவற்றைப் பற்றி அறியப் பேரேடு முக்கியமான வழி. 2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் அதில் இன்னொரு பத்தியைச் சேர்த்திருக்கிறது: எக்ஸ்-கதிர் எந்தத் திசையில் அதிர்கிறது என்ற கணக்கு.

நிறம் தீட்டும் விஷயத்துக்கு வருவோம். காசியோப்பியா ஏ, ஏறத்தாழ 11,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சம். சிலிக்கான், கந்தகம், கால்சியம், இரும்பு என ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்-கதிர் விடும். அந்த ஆற்றல்களுக்குத்தான் ஆளுக்கொரு நிறம் கொடுக்கிறார்கள். நிறம் நம்முடையது, தனிமம் எங்கே கிடக்கிறது என்ற செய்தி விண்மீனுடையது. அப்படிப் பார்த்தபோது, விண்மீனின் ஆழத்தில் உருவான இரும்பு சில இடங்களில் சிலிக்கானையும் தாண்டி வெளியே கிடந்தது. வெடிப்பு உருண்டையாக, ஒழுங்காக நடக்கவில்லை. நியூஸ்டார் தொலைநோக்கி அங்கே கதிரியக்க டைட்டானியம்-44-ஐத் தேடியபோதும் அது திட்டுத்திட்டாகவே தெரிந்தது. மிச்சமிருக்கும் நியூட்ரான் விண்மீன் ஒரு பக்கம் நகர, டைட்டானியத்தின் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் பறந்துகொண்டிருக்கிறது.