ஒரே மலையின் தண்ணீர்

விடுமுறை வந்தால் நம் ஆரியசாலைக் குடும்பங்கள் குற்றாலத்துக்கும், மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் கிளம்பி விடுகின்றன. ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பேப்பாறை, நெய்யாறு சரணாலயங்களை நம்மில் பலர் பார்த்ததில்லை.

விதுர வழியாகப் போனால் பேப்பாறை. கரமனை ஆற்றில் 1983-இல் அமைந்த இவ்வணையின் நீரே அருவிக்கரை வழியாக நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அதே ஆண்டில் சுற்றியுள்ள 53 சதுர கி.மீ. காடு சரணாலயமாயிற்று. அணை நீரைத் தேக்கத்தான் செய்யும். மழையை வேரிலும் சருகிலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது காடுதான். காடு அழிந்தால் மண் கரைந்து வந்து அணையைத் தூர்த்துவிடும்.

முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள நெய்யாறு அணையில் படகுச் சவாரி ஏற்றது. தெம்புள்ளவர்கள், வனத்துறை அனுமதி தரும் பருவத்தில், போணக்காட்டிலிருந்து 1868 மீட்டர் உயர அகத்தியகூடம் ஏறலாம்.

நாம் பொதிகை என்று சொல்லும் மலை அதுவே. அத்தொடரின் கிழக்கே தாமிரபரணி, மேற்கே கரமனையாறும் நெய்யாறும். நெல்லையில் நம் முன்னோர் குடித்ததும் இங்கே நாம் குடிப்பதும் ஒரே மலையின் தண்ணீர்!

காலையிலேயே போங்கள். சத்தமின்றி நடந்தால் மலையணிலும் கருங்குரங்கும் கண்ணில் படலாம். கட்டுச்சாதம் கொண்டு போங்கள்; பிளாஸ்டிக் உறைகளை மறக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். நாம் அசுத்தம் செய்வது நம் குடிநீரையே.