கேட்கிறவர் மாறலாம், உளி பிடிக்கிறவர்?

பாடாலூரில் பெரம்பலூர் பஸ் ஏறி, அங்கே வண்டி மாறிப் பச்சைமலைப் பக்கம் போனால் அரும்பாவூர் வரும். சுவாமி சிலை, தேர்ச் சிற்பம், கோயில் வாகனம் என்று மரத்தில் எது வேண்டுமானாலும் விசாரித்துக்கொண்டு வருகிற ஊர். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழலாம். இட்லி மாவு புளிப்பதிலிருந்து இன்னொரு வீட்டு மாமியார் சண்டை வரை எல்லாவற்றையும் காட்டும் தமிழ்த் தொலைக்காட்சியில், மரவேலைக்கென்று பெயர் சொல்லும்படி ஒரு நிகழ்ச்சி ஏன் நிலைக்கவில்லை? சமையலுக்கு எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை நட்சத்திரங்கள்! தச்சு வேலைக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது?

காரணம் ஓரளவு வெளிப்படையானது. நம் ஊரில் கதவு இறங்கிவிட்டால் ஆசாரியைக் கூப்பிடுவோம். நிலை வைக்க நாள் பார்ப்போம், சந்தனம் குங்குமம் வைப்போம், தட்டில் வெற்றிலை பாக்கோடு ஆசாரிக்குத் தட்சிணையும் வைப்போம். இழைப்புளியை மட்டும் கையில் எடுக்க மாட்டோம். அது அவர் வேலை. அமெரிக்காவில் நிலைமை வேறு. கூலி அதிகம், பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை, காரை நிறுத்தும் கொட்டகையில் ஒரு மூலை சும்மா கிடக்கும். சனிக்கிழமை அந்த மூலையில் ஒரு ரம்பத்தை வைத்துக்கொண்டு தன் வீட்டு அலமாரியைத் தானே செய்து பார்க்கும் ஆசை அங்கே லட்சக்கணக்கானவர்களுக்கு உண்டு. அந்த ஆசைதான் மரவேலை நிகழ்ச்சிகளுக்கு முதலீடு.

கதை பாஸ்டன் நகரத்தில் தொடங்குகிறது. அங்குள்ள பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஎச்சில் ரஸ்ஸல் மொராஷ் என்று ஒரு தயாரிப்பாளர் இருந்தார். 1960களில் ஜூலியா சைல்டு என்ற பெண்மணியை அடுப்பங்கரையில் நிறுத்தி, பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோனவர் இவர்தான். அதன்பின் தோட்டக்கலைக்கு ஒரு நிகழ்ச்சி எடுத்தார். 1979இல் பழைய வீடு ஒன்றைப் பிடித்து, அதைப் பழுதுபார்க்கும் வேலையை வாராவாரம் அப்படியே படமாக்கினார். ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது நாடறிந்த நிகழ்ச்சியாகிவிட்டது.

அந்த நிகழ்ச்சிக்கு மொராஷ் தச்சரைத் தேர்ந்தெடுத்த விதம் அமெரிக்க மரவேலைக்காரர்கள் இன்றும் சொல்லும் கதை. தன் இடத்தில் ஒரு கொட்டகை கட்ட நார்ம் ஆப்ரம் என்ற இளைஞரை அவர் அமர்த்தியிருந்தார். அவரும் தச்சரின் மகன்தான். வேலை நடந்த இடத்தில் மொராஷின் கண்ணில் பட்டது கட்டிய சுவர் அல்ல, ஓரத்தில் கிடந்த கழிவுமரக் குவியல். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு சின்னக் குவியலா என்று வியந்துபோனாராம். ஒரு ஆசாரியின் தரத்தை அவர் விட்டெறியும் துண்டுகளில் படிக்கலாம் என்பது நம்மூர் மேஸ்திரிகளுக்கும் தெரிந்த கணக்கு. சரியாக அளக்கிறவருக்கு இரண்டாம் முறை அறுக்கும் வேலை வராது.

இப்படி இரண்டு பேர் திரைக்கு வந்தார்கள். பாப் விலா கேட்பவர். நார்ம் ஆப்ரம் செய்பவர். விலா தாடியும் சிரிப்புமாக வீட்டைச் சுற்றி வருவார். இது ஏன் இப்படி, இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பார். கட்டம்போட்ட சட்டையோடு ஆப்ரம் நிதானமாகப் பதில் சொல்வார், பதில் சொல்லும்போதே கை வேலை செய்துகொண்டிருக்கும். பார்க்கிறவர் மனத்தில் ஓடும் கேள்வியைத் திரையில் ஒருவர் கேட்டுவிடுவதுதான் இந்த அமைப்பின் சூட்சுமம்.

பத்து வருடம் ஓடியது. 1989இல் முறுகல் வந்தது. விலா வெளியே ஒரு வீட்டுப்பொருள் கடையின் விளம்பரங்களில் நடித்தார். நிகழ்ச்சிக்குப் பண உதவி செய்துவந்த போட்டி நிறுவனம் அதை ரசிக்கவில்லை. விளம்பர இடைவேளை இல்லாத பொதுத் தொலைக்காட்சி இப்படிப்பட்ட உதவியை நம்பித்தான் ஓடுகிறது. நிலையம் விலாவை விலக்கியது. அமெரிக்காவில் வீடு பழுதுபார்ப்பது என்றாலே நினைவுக்கு வரும் முகம் அவர். நிகழ்ச்சி இத்தோடு போச்சு என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

போகவில்லை. ஸ்டீவ் தாமஸ் வந்தார். பசிபிக் தீவுகளில் கருவிகளின் துணையில்லாமல் கடலோடும் கலையைக் கற்று, அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் 2003 வரை பதினான்கு வருடம் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் கதைதான் இன்னும் சுவையானது. கெவின் ஓ'கானர் வங்கி வேலையில் இருந்தவர். தாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சுவரில் ஒட்டியிருந்த அலங்காரத் தாளை உரிக்க முடியாமல் அவரும் மனைவியும் திண்டாடினார்கள். நிகழ்ச்சிக்காரர்களிடம் உதவி கேட்டு எழுத, படப்பிடிப்புக் குழு வீட்டுக்கே வந்தது. சுவர்த்தாள் உரிந்ததோ இல்லையோ, தயாரிப்பாளர்களுக்கு அடுத்த தொகுப்பாளர் கிடைத்துவிட்டார். 2003இல் வந்த ஓ'கானர் இருபது வருடத்தையும் தாண்டி, முன்னவர்கள் இருவரையும்விட அதிகக் காலம் அந்த இடத்தில் நின்றார்.

யோசித்துப் பார்த்தால் அந்த இடத்துக்குத் தேவையான தகுதியே தெரியாமல் இருப்பதுதான். தெரியாதவர் போனால் இன்னொரு தெரியாதவர் வரலாம். ரசிகர்களிலிருந்தே ஒருவரை எடுத்துவிடலாம். ஆனால் இத்தனை மாற்றத்திலும் ஆப்ரம் அசையவில்லை. விலா போனபோதும் இருந்தார், தாமஸ் வந்தபோதும் இருந்தார், ஓ'கானருக்கும் பதில் சொன்னார். நாற்பத்துச் சொச்சம் வருடம் கழித்து 2022இல்தான் விடைபெற்றார்.

விலா விலகிய அதே 1989இல் ஆப்ரமுக்கென்று தனியாக ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ‘தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். இதில் கேட்பவரே கிடையாது. ஒரு பட்டறை, ஒரு தச்சர், ஒரு கேமரா. மேசை, அலமாரி, தொட்டில் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பொருள். பாதுகாப்புக் கண்ணாடி அணியச் சொல்லி எச்சரிக்காமல் வேலை தொடங்காது. அரைமணி நேரத்தில் ஒரு சாமான் முடிந்து வார்னிஷ் மினுங்க நிற்கும். அந்த அரைமணிக்குப் பின்னால் இரட்டை வேலை இருந்தது. ஆப்ரம் ஒவ்வொரு பொருளையும் முதலில் தனியாக ஒருமுறை செய்து பார்ப்பார். எங்கே மரம் அடம்பிடிக்கும், எங்கே அளவு இடிக்கும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். பிறகு கேமராவுக்காக இரண்டாவது முறை. இவ்வளவு மெஷின் எங்கள் வீட்டில் ஏது என்ற முணுமுணுப்பும் அந்த நிகழ்ச்சியோடு கூடவே வந்தது.

2009இல் ‘யாங்கி ஒர்க்‌ஷாப்’ முடிந்தது. இருபத்தொரு பருவம் ஓடிய நிகழ்ச்சி. பெயரும் பட்டறையும் தயாராக இருந்தும் இன்னொருவரை நிறுத்தித் தொடரவில்லை. அதே பாஸ்டன் நிலையத்திலிருந்து 2010இல் ‘ரஃப் கட்’ என்று வேறு நிகழ்ச்சி வந்தது. தாமஸ் மெக்டொனால்டு என்பவர் நடத்தினார், தலைப்பிலேயே ‘டாமி மேக்’ என்று அவர் செல்லப்பெயரும் ஒட்டியிருந்தது. பின்னாளில் அவர் விலகி டாம் மெக்லாஃப்ளின் வந்தபோது, தொகுப்பாளரோடு தலைப்பின் வாலையும் மாற்ற வேண்டியதாயிற்று.

வட கரோலினாவில் இன்னொருவர். ராய் அண்டர்ஹில். ‘தி வுட்ரைட்ஸ் ஷாப்’ என்ற அவர் நிகழ்ச்சியில் மின்சாரக் கருவியே கிடையாது. கோடரி, கைரம்பம், இழைப்புளி, காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல். பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படமாக்குவார்கள். மூச்சு வாங்கும், வியர்வை வழியும், சில சமயம் விரலில் ரத்தமும் வரும். கட்டும் போட்டுக்கொண்டு பேச்சும் நிற்காது. முப்பது வருடத்துக்கு மேல் அவர் ஒருவரே நடத்தினார். அந்த நிகழ்ச்சிக்கு இன்னொரு தொகுப்பாளர் என்ற பேச்சே வேடிக்கையாக இருந்திருக்கும்.

கேட்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என்ற அந்த இரட்டையர் அமைப்பைக் கிண்டல் செய்தும் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. 1991 முதல் 1999 வரை ஓடிய ‘ஹோம் இம்ப்ரூவ்மென்ட்’. அதில் கதாநாயகன் வீட்டு வேலை நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளன், வாய் நீளம், கை வைத்ததெல்லாம் வெடிக்கும். பக்கத்தில் தாடியும் கட்டம்போட்ட சட்டையுமாக ஓர் உதவியாளர் அமைதியாக வேலையை முடிப்பார். எதைப் பார்த்து இதை எழுதினார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாப் விலாவே அதில் பாப் விலாவாக வந்து நடித்துவிட்டுப் போனார்.

நம் வீட்டு டி.வி.க்குத் திரும்பினாலும் இதே கணக்குதான். ஒரு கோடி ரூபாய்க் கேள்வி நிகழ்ச்சியைச் சன் டி.வி.யில் சரத்குமார் நடத்தினார். விஜய் டி.வி.யில் சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி என்று முகம் மாறிக்கொண்டே வந்தது. கலர்ஸ் தமிழில் ராதிகா உட்கார்ந்தார். நாற்காலியும் கேள்வியும் மாறவில்லை, நிகழ்ச்சி ஓடியது. அரட்டை அரங்கத்தில் விசுவுக்குப் பின் டி.ராஜேந்தர் வந்தார். விசுவோ ஜெயா டி.வி.க்குப் போய் மக்கள் அரங்கம் போட்டார். அரங்கு ஒரு பக்கம், அதற்கு உயிர் கொடுத்தவர் இன்னொரு பக்கம் என்று ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள்.

கைத்தொழிலுக்கு நெருக்கமான உதாரணம் சமையல்தான். 2024இல் ‘குக் வித் கோமாளி’யிலிருந்து நடுவர் வெங்கடேஷ் பட் விலகி, சன் டி.வி.யில் ‘டாப் குக்கு டூப் குக்கு’வுக்குப் போனார். இன்னொரு நடுவரான தாமு இருந்த இடத்திலேயே இருக்க, பட்டின் நாற்காலிக்கு மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார். கோமாளிகள் மாறியபோது எழாத சத்தம் அப்போது எழுந்தது. தட்டை ருசி பார்த்து உப்புக் கம்மி என்று சொல்கிறவர் மாறும்போது, அந்த நாக்கை நம்பலாமா என்று பார்ப்பவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அரும்பாவூர்ப் பட்டறைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. அங்கே வாகை மரத்துண்டு ஒன்று கிடக்கிறது. ஒட்டு கிடையாது, ஒரே மரத்தில் முழுச் சிலை. முதலில் மரத்தின் மேல் உருவத்தின் கோடு விழும். அகல உளியும் கொட்டாப்புளியும் சேர்ந்து வேண்டாத மரத்தைக் கழிக்கும். தோளும் இடுப்பும் தெரிய ஆரம்பித்ததும் உளிகள் சிறுத்துக்கொண்டே வரும். மாலையின் மணிக்கும் விரலின் நகத்துக்கும் வரும்போது கையில் இருப்பது பென்சில் முனை போன்ற ஓர் உளி. இங்கே ஒரு தட்டுத் தப்பினால் சுவாமியின் மூக்கு போய்விடும். ஆப்ரம் போல முதலில் ஒன்றைச் செய்து பார்க்கும் வசதியும் இல்லை.

இங்கேயும் கேட்பவர் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சிதறும் சில்லைக் கூட்டிக்கொண்டிருக்கும் பையன்தான் அவன். இந்தப் பக்கம் ஏன் வெட்டவில்லை, இந்த மரம் ஏன் இப்படிப் பிளக்கிறது என்று நச்சரிப்பான். பெரியவர் பாதிக்குப் பதில் சொல்வார், மீதிக்கு ‘பாரு’ என்பார். டி.வி. நிகழ்ச்சியில் கேட்பவர் இருபது வருடம் கழித்தும் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதற்குத்தான் சம்பளம். பட்டறைப் பையன் அப்படி இருந்துவிட முடியாது. சில மாதத்தில் உளி தீட்டும் வேலை அவனுடையதாகும், பிறகு அகல உளியால் மரம் கழிக்கும் வேலை, அதன் பிறகு பீடத்துத் தாமரை இதழ். முகத்தை மட்டும் பெரியவர் இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறார்.