ஆயுதமில்லாத வேட்டை

வேட்டைக்குப் புறப்படுகிறவன் கையில் வில்லோ வேலோ துப்பாக்கியோ இருக்கும் என்பதுதான் பொதுவாக எவரும் எண்ணுவது. ஆனால் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் செல்வர்களும் நிலக்கிழார்களும் தலைமுறை தலைமுறையாக உயிரினும் மேலாகப் போற்றி வந்த நரி வேட்டையில், குதிரைமீது அமர்ந்து வருகிற கூட்டத்தில் ஒருவர் கையிலும் கொல்லும் கருவி எதுவும் இராது. ஒரு சவுக்கு இருக்கும். அதன் பிடி மானின் கொம்பால் ஆகி, நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். நரிக்கும் அந்தச் சவுக்குக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. குதிரையை விட்டு இறங்காமலே வயல்வெளியின் படலைத் திறப்பதற்கும், பின்னால் வருகிறவர் கடக்கும்வரை அதைப் பிடித்திருப்பதற்கும், குதிரையின் காலடியில் வந்துவிடும் நாயை ஒதுக்குவதற்குமே அது பயன்படுகிறது. நரியைத் தேடுவது நாய், துரத்துவது நாய், முடிப்பதும் நாய். அப்படியானால், கழுத்து முறிந்தாலும் முறியட்டும் என்று வேலி தாண்டி விரைகிற அந்த மனிதர்களுக்கு இதில் என்னதான் வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை, பண்டிகைபோல் நடைபெறும் நவம்பர் மாதத்து வேட்டையில் அகப்படுவதைக் காட்டிலும், அதற்கு முந்திய இலையுதிர் காலத்துச் சிறு வேட்டைகளிலேதான் தெளிவாக அகப்படும்.

முதலில் சரித்திரத்தைச் சிறிது பார்த்துவிடுவோம். ஆதியில் இங்கிலாந்தின் அரசர்களும் பிரபுக்களும் வேட்டையாடியது மானைத்தான். நரி, கோழி திருடும் பிராணி என்று குடியானவர்களால் கண்ட இடத்தில் கொல்லப்பட்டு வந்தது. காடுகள் அழிந்து மான்கள் அருகிப்போன பிறகே நரிக்கு அந்தக் கௌரவம் வாய்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷயர் என்னும் மாவட்டத்தில் ஹ்யூகோ மெனெல் என்ற நிலப்பிரபு, க்வார்ன் வேட்டைக் கூட்டத்துக்கு 1753 முதல் 1800 வரை தலைமை வகித்து, இந்த விளையாட்டின் தன்மையையே மாற்றிவிட்டார். அவருக்கு முன்பெல்லாம் விடியற்காலையில் வேட்டைக்குப் போவார்கள். இரவெல்லாம் இரை தேடி உண்டுவிட்டு வளைக்குத் திரும்பிய நரியின் மோப்பத்தை, மெதுவாக நடக்கும் கனத்த நாய்கள் அடியடியாகத் தொடர்ந்து செல்லும். வயிறு நிறைந்த நரியும் வேகமாக ஓட மாட்டாது. மெனெல், வேகமும் மோப்பத் திறனும் ஒருங்கே அமைந்த நாய்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார். அத்தகைய நாய்கள் கிடைத்த பின்பு, நரி உண்டது செரித்து முழு வேகத்துடன் ஓடக்கூடிய முற்பகல் வேளையிலேயே வேட்டையைத் தொடங்கலாயிற்று. நாய் வேகமாக ஓடினால் அதைத் தொடரும் குதிரையும் வேகமாக ஓடியாக வேண்டும். அதே காலத்தில் பொது மேய்ச்சல் நிலங்கள் தனியுடைமையாகி, வயலுக்கு வயல் உயிர்வேலிகளும் மர வேலிகளும் எழும்பின. ஆகவே ஓடினால் மட்டும் போதாது, தாண்டவும் வேண்டியதாயிற்று. வேட்டை என்ற பெயரில் குதிரைச் சவாரியே பிரதானமாகிவிட்டது இவ்வாறுதான்.

விடியற்காலை வேட்டை என்னும் அந்தப் பழைய முறை அடியோடு மறைந்துவிடவில்லை. இலையுதிர் காலத்தில் அது எஞ்சி நின்றது. ஆகஸ்டு மாதக் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையானதும் இது ஆரம்பமாகும்; அக்டோபர் முடிவுவரை நடக்கும். நவம்பர் முதல் வாரத்தை ஒட்டியே அந்த ஆண்டின் முறைப்படியான வேட்டை தொடங்குவது சம்பிரதாயம். வசந்தத் தொடக்கத்தில் பிறந்த நரிக்குட்டிகள் இலையுதிர் காலத்துக்குள் ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்திருந்தாலும், தாயின் இருப்பிடத்தை விட்டு இன்னும் சிதறிப் போயிரா. நாய்களின் கூட்டத்திலும் அப்பொழுதுதான் புதியவை வந்து சேர்ந்திருக்கும். குட்டிப் பருவத்தில் பண்ணை வீடுகளுக்கு அனுப்பப்பட்டு, கோழியோடும் குழந்தையோடும் பழகி, பின்னர் கொட்டிலுக்குத் திரும்பிய இளம் நாய்கள் அவை. மான், முயல், ஆடு எல்லாம் கண்ணெதிரே ஓடினாலும் அவற்றை விட்டுவிட்டு நரியின் மோப்பம் ஒன்றையே தொடர வேண்டும் என்ற பாடத்தை, மூத்த நாய்களின் பக்கத்தில் ஓடியே அவை கற்றுக்கொள்ள வேண்டும். ஆக, இது ஒரு பள்ளிக்கூடப் பருவம். நாய்களை இணை இணையாகவே எண்ணுவது வேட்டைக்காரர் வழக்கம். பதினைந்து இணை, பதினேழரை இணை என்று சொல்வார்களே ஒழிய, முப்பது நாய் என்றோ முப்பத்தைந்து நாய் என்றோ எவரும் சொல்வதில்லை.

பள்ளியில் சேருவது நாய் மட்டுமன்று, குதிரையும்தான். வசந்த முடிவிலிருந்து புல்வெளியில் ஓய்வாக மேய்ந்து வயிறு பெருத்திருக்கும் குதிரையைக் கோடை முடியுமுன் லாயத்துக்குக் கொண்டுவந்து, வாரக்கணக்கில் கெட்டியான சாலையில் நடக்கவிட்டுக் கால் நரம்புகளை உறுதிப்படுத்துவார்கள். பிறகுதான் மேட்டில் ஏறும் ஓட்டம், அதன் பிறகே பாய்ச்சல். அக்டோபரில் குளிர்கால ரோமம் அடர்ந்து வளரத் தொடங்கும். அந்த ரோமத்தோடு ஓடினால் வியர்வையில் நனைந்து குதிரை சளி பிடித்து வாடிவிடும் என்பதால் உடம்பெங்கும் கத்தரித்துவிடுவார்கள். ஆனால் முள்ளும் சேறும் தாக்கும் கால்களிலும், சேணம் உராயும் முதுகிலும் மட்டும் ரோமத்தை அப்படியே விட்டுவைப்பார்கள். கால்சட்டை அணிந்து, முதுகில் சேணத்தின் வடிவிலேயே ஒரு திட்டுடன் நிற்கும் அந்தக் குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் அது வேட்டைக் குதிரை என்று அறிந்துகொள்ளலாம். ஓட்டப் பந்தயக் குதிரையின் வேகமும் உழவுக் குதிரையின் நிதானமும் கலந்த பிறவியே இதற்கு உத்தமம் என்பார்கள். அயர்லாந்து தேசம் அத்தகைய குதிரைகளுக்குப் பேர்போனது.

இலையுதிர் காலத்து வேட்டை நாள் ஒன்றை அருகிருந்து பார்ப்போம். இன்னும் வெயில் ஏறவில்லை. அறுத்த கோதுமைத் தாளின்மேல் பனி. செந்நிறக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் நவம்பருக்கு உரியவை. இப்பொழுது எல்லோரும் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டிலே இருக்கிறார்கள். கழுத்தில் ஊசி குத்திக் கட்டியிருக்கும் நீண்ட துணி அலங்காரத்துக்கு மட்டும் ஏற்பட்டதன்று. விழுந்து கை முறிந்தால் தூளியாகவும், காயம் பட்டால் கட்டாகவும் உதவக்கூடியது. நாய்களை நடத்தும் ஹண்ட்ஸ்மன் சிறு கொம்பை ஊதி அவற்றைக் குறுங்காட்டுக்குள் விடுகிறான். சவாரிக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் நிறுத்தப்படுகிறார்கள். பேசக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது, குதிரையின் முகம் காட்டை நோக்கியே இருக்க வேண்டும். ஓடி வரும் நாய்க்கு முதுகைக் காட்டினால், மிரண்ட குதிரை உதைத்துவிடும். நாயை உதைக்கும் குதிரையை விடப் பெரிய அவமானம் அந்த உலகத்தில் வேறில்லை. மற்றக் குதிரைகளை உதைக்கும் குணமுள்ளதன் வாலில் சிவப்பு நாடாவும், அனுபவமில்லாத இளங்குதிரையின் வாலில் பச்சை நாடாவும் கட்டியிருப்பார்கள்.

அந்த மூலையில் நிற்கும் நேரம் நீண்டது. புதியவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, குதிரைக்குத் தெரிகிறது. தளர்ந்திருந்த காதுகள் திடீரென்று முன்னோக்கி நிமிர்கின்றன. சேணத்தின் கீழே அதன் இதயம் அடிப்பது சவாரிக்காரரின் முழங்காலுக்கு எட்டுகிறது. அதன் பின்னரே காட்டுக்குள் ஒற்றை நாயின் குரல் கேட்கிறது. மூத்த நாயின் குரலாயிருந்தால் மற்றவை நம்பி ஓடிச் சேர்ந்துகொள்ளும். இளம் நாயின் குரலாயிருந்தால் தயங்கும். ஹண்ட்ஸ்மன் ஒவ்வொரு நாயையும் பெயராலும் குரலாலும் அறிந்தவனாதலால், எந்த நாய் பொய் சொல்லாது என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரு நரி வெளியே பாய்ந்து, துரத்தவும் அனுமதி கிடைத்துவிட்டால், அப்புறம் மண் தெறிக்கப் பாய்ச்சல்தான். அதிலும் மாஸ்டர் என்ற தலைவரை முந்தக் கூடாது. முளை விட்ட வயலில் குதிரையை விடாமல் வரப்போரம் சுற்றிப் போக வேண்டும். திறந்த படலைக் கடைசியாகச் செல்பவர் மூடிவிட்டே போக வேண்டும். நிலம் குடியானவனுடையது, அவன் மனம் கோணினால் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேட்டை கிடையாது.

எல்லாவற்றுக்கும் ஆதாரமான மோப்பமோ எவருடைய வசத்திலும் இல்லாதது. காற்றைவிட நிலம் சற்று வெதுவெதுப்பாக இருந்து, ஈரமும் இருந்தால் மோப்பம் நன்றாகத் தங்கும் என்பது அனுபவசாலிகள் சொல்வது. ஆட்டு மந்தையோ, எருவிட்ட வயலோ, ஒரு சாலையோ குறுக்கிட்டால் அது அறுந்துபோகும். முழு வேகத்தில் வந்த கூட்டம் சட்டென்று நின்றுவிடும். அப்பொழுது நாய்கள் தாமாகவே விசிறிபோல் பரந்து தேடுவதைக் கைகட்டி நின்று பார்ப்பதே உண்மையான ரசிகனின் இன்பம். ஆனால் பெரும்பாலோருக்கு அந்த இடைவேளை, மூச்சு வாங்கிக்கொள்ளவும், தாண்டிய வேலியின் உயரத்தைப் பற்றிப் பேசவுமே பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ட்டன் மோப்ரே என்ற சிற்றூர், இந்தச் சவாரிக்காகவே குளிர்காலம் முழுவதும் வந்து தங்கும் தனவந்தர்களால் நிறைந்தது. ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தினி எலிசபெத், 1870-களில் கடல் கடந்து வந்து வேட்டையில் முன்வரிசையில் சவாரி செய்தாள். அயர்லாந்தில் தபால் இலாகா உத்தியோகத்திலிருந்த ஆன்டணி டிரோலப், அங்கே பழகிக்கொண்ட வேட்டைச் சவாரியை விட முடியாமல், பின்னாளில் தம் நாவல்கள் பலவற்றிலும் அதைப் புகுத்தினார். விசித்திரம் என்னவென்றால், நரியை இவ்வளவு பேர் துரத்திய காலத்திலேதான் அதற்குப் பாதுகாப்பும் மிகுந்தது. நரி தங்குவதற்கென்றே முட்புதர்க் காடுகள் நட்டு வளர்க்கப்பட்டன. துப்பாக்கியால் நரியைச் சுட்டவன் கனவான்களின் சபையில் தலைகாட்ட முடியாது.

இந்தப் பித்து நம் நீலகிரிக்கும் வந்தது. உதகமண்டலத்து வேட்டைக் கூட்டத்தார், இங்கிலாந்தின் வேட்டை நாய்களைக் கொண்டு, வென்லாக் டவுன்ஸ் என்னும் புல்வெளிக் குன்றுகளில் நம் நாட்டு நரியைத் துரத்தினார்கள். இன்று உல்லாசப் பயணிகள் ஷூட்டிங் மட்டம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளும் மேடுகள் அந்தப் புல்வெளியைச் சேர்ந்தவையே. 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கியிருப்பது அந்த இடம். அங்கே தாண்டுவதற்கு வேலி இல்லை. பதிலுக்குச் சதுப்பு இருந்தது, நரி நுழைந்து மறைந்துகொள்ளச் சோலைக்காடும் இருந்தது.

இத்தனை அழகையும் சொல்லிவிட்டு, இலையுதிர் வேட்டையின் மற்றொரு பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மூலைகளில் நிறுத்தப்பட்ட சவாரிக்காரர்கள் பல நேரங்களில் நரி வெளியே ஓடுவதைப் பார்ப்பதற்காக நின்றதில்லை. அது ஓடிவிடாமல் தடுப்பதற்காகவே நின்றார்கள். காலணியில் சவுக்கைத் தட்டி ஓசை எழுப்பி, வெளிவரும் இளநரியை மீண்டும் காட்டுக்குள் திருப்பினார்கள். உள்ளே இளம் நாய்கள் கொல்லப் பழகின. நவம்பர் வேட்டையைப் புகழ்கிறவர்கள், நரிக்குத் தப்பிக்க வாய்ப்பு உண்டு என்று வாதிப்பார்கள். செப்டம்பரில் அந்த வாதம் நிற்காது. பர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கையில், நாய்களால் துரத்திக் கொல்லப்படும் நரியின் நலம் மிகவும் பாதிக்கப்படுகிறது என்றே கூறியது. 2002-இல் ஸ்காட்லாந்து முதலில் தடைச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் நாட்டுப்புற மக்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் லண்டன் வீதிகளில் ஊர்வலம் போய் எதிர்ப்புத் தெரிவித்தும், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான சட்டம் 2004-இல் நிறைவேறி, 2005 பிப்ரவரி 18 முதல் அமலுக்கு வந்தது. அதன்பின் வேட்டைக் கூட்டங்கள் கலைந்துவிடவில்லை; நரியின் வாசனையை ஊறவைத்த துணியை நிலத்தில் இழுத்துச் சென்று, அந்தச் சுவட்டின்மேல் நாய்களை விட்டுக் குதிரையில் பின்தொடர்கின்றன. இது வெறும் மறைப்பு, உண்மை நரியையே துரத்துகிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் குற்றஞ்சாட்டி வருகிறார்கள். தொழிற் கட்சியும் 2024 தேர்தல் அறிக்கையில் இதையும் தடை செய்வதாக வாக்களித்தது.

இழுத்துச் சென்ற துணியின் சுவட்டில் ஓடுவது வேட்டையாகாது என்று மூத்த ஹண்ட்ஸ்மன்கள் வருந்துவதில் உண்மை இருக்கிறது. தானாக யோசித்துத் திசை மாற்றும் ஜீவனோடு போட்டியிட்ட நாயின் கலை அதில் குறைவாகத்தான் வெளிப்படும். ஆனால் அந்தக் கலைக்காக வந்தவர்கள் என்றுமே ஒரு சிலர்தாம். ஏனையோர் தேடி வந்தது விடியற்காலைக் காற்று, நண்பர் கூட்டம், கால்களுக்கிடையே ஓர் உயர்ந்த குதிரை, எதிரே ஒரு வேலி என்பவற்றையே; இவற்றுள் ஒன்றுக்கேனும் நரியின் உயிர் விலையாக வேண்டியதில்லை. முன்னே ஓடுவது எது என்று குதிரை ஒருபோதும் கேட்டதில்லை. தன் இனத்தோடு சேர்ந்து ஓடுவதே அதற்குப் போதுமாயிருந்தது. சவாரிக்காரருக்கும் அது போதும் என்றால், இந்தப் பழைய விளையாட்டில் காப்பாற்றத் தக்கதெல்லாம் சட்டத்துக்குள்ளேயே காப்பாற்றப்பட்டுவிடும். போதாது என்று கூறுகிறவர், தாம் இத்தனை நாள் விரும்பியது சவாரியை அன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.