பத்தடிச் சட்டங்களில் ஒரு பாலம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. நக்கிள்ஸ் தொடரிலிருந்து பாய்ந்து இறங்கும் மழைவெள்ளம் மண்ணையும் பாறையையும் மரங்களையும் சேர்த்து இழுத்துவருகிறது. அது பாலத்தோடு, பாலம் ஊன்றி நின்ற கரையையும் அரித்துவிடும். நாற்பதடிப் பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் வடிந்தபின் எழுபதடி வெளி கிடக்கலாம். பழைய அளவுக்குச் செய்த பாலம் அங்கே எதற்கும் உதவாது.

இதற்கு விடை போர்க்காலத்தில் பிறந்தது. பிரித்தானியப் போர்த்துறைப் பொறியியலாளர் டொனால்ட் பெய்லி 1940-41இல் வடிவமைத்த பாலத்தின் அடிப்படை உறுப்பு ஓர் எஃகுச் சட்டம்: 10 அடி நீளம், 5 அடி உயரம், சுமார் 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சாதாரண லொறியில் ஏற்றலாம். மனிதத் தோளையும் லொறித் தட்டையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் பெய்லியின் மேதைமை என்பேன். சட்டங்களை இரும்பு முளைகளால் கோத்தால் பாலம் பத்துப் பத்தடியாக நீளும். பாரம் கூடினால் பக்கத்தில் இன்னொரு வரிசை, தேவைப்பட்டால் மேலே இன்னொரு அடுக்கு.

ஆற்றைக் கடத்தும் விதம் இன்னும் அழகு. பாலம் முழுவதையும் ஒரே கரையில் உருளைகள் மேல் கட்டுகிறார்கள். முன்னால் தளமில்லாத, பாரம் குறைந்த ஒரு மூக்கு; அதன் நுனி சற்றே மேல்நோக்கி இருக்கும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள மூக்கு வெறும் வெளியில் நீள்கிறது. பாலத்தின் எடைமையம் உருளைகளுக்குப் பின்னாலேயே இருப்பதால் கவிழாது. மூக்கு எதிர்க்கரையைத் தொட்டபின், பாலமும் அக்கரையை எட்டும்வரை தள்ளுவார்கள்; பிறகு மூக்கைக் கழற்றிவிட்டு, பாலத்தை யாக்கிகளால் இறக்கி அமர்த்துவார்கள். ஆற்றின் நடுவே தூணும் வேண்டாம், கிரேனும் வேண்டாம்.

இந்தப் பாலம் நம் பக்கத்துப் போர்முனைக்கும் வந்தது. 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் மாத்தளைக்கு அண்டையிலுள்ள கண்டிக்கு வந்தது. அந்தக் கட்டளையின் கீழிருந்த படையினர் அவ்வாண்டு டிசம்பரில் பர்மாவின் கலேவாவில், சிந்துவின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்கு மிதவைகளில் பெய்லி பாலம் போட்டார்கள். படைக்கு வேண்டிய உணவும் எரிபொருளும் அதன்மேல் போயின. போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அது பயன்படுகிறது: 2024இல் கேரளத்தின் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு 190 அடியில் ஒன்றைக் கட்டியது. 24 தொன் வரை தாங்கக்கூடியது.

டித்வாவுக்குப் பின் இந்தியா இத்தகைய பாலங்களை இலங்கைக்கு அனுப்பியது. கிளிநொச்சி மாவட்டத்தில் 2025 டிசம்பர் 23 அன்று திறக்கப்பட்ட 120 அடிப் பாலம் 110 தொன்னுக்கு மேற்பட்ட எடை கொண்டது. சி-17 விமானத்தில் வந்திறங்கியது. கண்டி–ராகலை வீதியிலும் ஒன்று போடப்பட்டது.

நெருங்கிய அயலவர் கைகொடுத்தது பெரிய விஷயம். ஆனால் மலைநாட்டில் மழை ஆண்டுதோறும் வரும்; உதவிக்குக் காத்திராமல் இத்தகைய பாலங்களை நாமே முன்கூட்டி வைத்திருக்க வேண்டும். ஏ9 வீதி மாத்தளை நகர் வழியே தம்புள்ளை சமவெளிக்கு இறங்குகிறது. மண்சரிவு எட்டாத அந்தத் தட்டை நிலத்தில் சட்டங்களையும் முளைகளையும் துருப்பிடிக்காமல் அடுக்கிவைக்கலாம். மலைப்பாலம் ஒவ்வொன்றின் இடைவெளியையும், பாலத்தைக் கட்டித் தள்ளக் கரையில் இடமுண்டா என்பதையும் மழைக்கு முன்பே அளந்து எழுதிவைக்கலாம். தோட்டத்துப் பாதைக்கு யுத்தத் தாங்கியைச் சுமக்கும் பாலம் தேவையில்லை. கொழுந்து லொறியும் அரிசி லொறியும் ஆம்புலன்ஸும் போனால் போதும்.