நிலத்தடி நீரும் நேர்மாறுக் கணக்கும்

கிணறு தோண்ட எண்ணும் விவசாயி முதலில் கேட்பது, "எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நீர் கிடைக்கும்?" என்பதே. பாறைப் பாங்கான பகுதிகளில் இதற்குத் தவறான விடை கிடைத்தால், ஒரு குடும்பமே கடனில் மூழ்கிவிடும். ஆதலால், தோண்டாமலே நீரின் இருப்பிடத்தை உய்த்துணர உதவும் மின்தடை ஆய்வைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

ஆய்வாளர் ஒரே நேர்க்கோட்டில் நான்கு உலோக முளைகளை நிலத்தில் அடிப்பார். வெளிமுளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தப்படும். உள்முளைகள் இரண்டிற்கும் இடையே தோன்றும் மின்னழுத்தம் அளக்கப்படும். வெளிமுளைகளை மேன்மேலும் விலக்கி அடிக்க, மின்சாரம் ஆழமாகப் பாய்ந்து அடியிலுள்ள செய்தியைக் கொணரும். பிரான்ஸ் நாட்டு கான்ராட் ஷ்லம்பெர்ஜர் 1912-ஆம் ஆண்டில் நார்மண்டிப் பகுதியில் இத்தகைய மின் ஆய்வைத் தொடங்கி வைத்தார்.

பிளவற்ற கெட்டிப் பாறை மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். நீர் ஊறிய சிதைந்த பாறை அவ்வளவு தடுப்பதில்லை. பூமியின் அடுக்குகள் நமக்கு முன்னரே தெரிந்திருப்பின், மேலே தோன்றும் மின்னழுத்தத்தைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றினால் கணக்கிடலாம். இது நேர்க் கணக்கு. நமக்கு வேண்டியதோ, மேலே அளந்ததைக் கொண்டு உள்ளே இருப்பதை உரைப்பது. இதுவே நேர்மாறுக் கணக்கு. சந்தையில் பானையைத் தட்டி, ஓசையால் விரிசலை அறிவதும் இவ்வகையினதே.

எல்லையில் மட்டும் அளந்து உள்ளிருப்பதை முழுவதும் அறிய இயலுமா? இவ்வினாவை 1980-இல் ஆல்பெர்ட்டோ கால்டெரோன் என்னும் கணித மேதை தெளிவாக எழுப்பினார். அவர் இளமையில் அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்கடத்துதிறன் சீராக மாறும் பொருளில், எல்லை முழுவதும் பிழையின்றி அளந்தால் விடை ஒன்றே என்று 1987-இல் ஜான் சில்வெஸ்டர், குந்தர் உல்மன் இருவரும் நிறுவினர்.

ஆனால், வயலில் நாம் அளப்பது சில இடங்களில்தான். அளவிலும் சிறு பிழை உண்டு. அச்சிறு பிழை விடையில் பெரும் பிழையாக வளரக்கூடும். உதாரணமாக, தடை மிக்க இரு அடுக்குகளுக்கு நடுவே ஆழத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று உள்ளதெனக் கொள்வோம். அது 5 மீட்டர் கனமும் 20 ஓம்-மீட்டர் தடையும் உடையதாயினும், 10 மீட்டர் கனமும் 40 ஓம்-மீட்டர் தடையும் உடையதாயினும், மேலே ஏறக்குறைய ஒரே அளவே கிட்டும். கனத்தைத் தடையால் வகுத்த ஈவு இரண்டிலும் ஒன்றாக இருப்பதே காரணம். மேலும், களிமண்ணும் உவர்நீரும் குறைந்த தடையையே காட்டும். குறைந்த தடையை நன்னீரென நம்பித் துளையிட்டு, களிமண்ணையே கண்டு மனமுடைந்த விவசாயியை நாம் நேரில் கண்டதுண்டு.

இவ்வையத்தைக் குறைக்கும் வழி யாது? அருகிலுள்ள கிணறுகளில் எந்த ஆழத்தில் மண், எந்த ஆழத்தில் பாறை, எங்கே ஊற்று என்னும் விவரம் கிடைத்தால், பொருந்தாத விடைகள் பல விலகிவிடும். எனவே, ஒவ்வோர் ஊராட்சியும் கிணற்றுப் பதிவேடு ஒன்றைப் பேணுதல் வேண்டும். வறண்டுபோன துளைகளையும் மறைக்காமல் அதில் எழுதுக. ஒருவர் இழந்த பொருள், அடுத்தவர்க்கு வழிகாட்டும் அறிவாகட்டும்.